அரைக்கிலோ ஜவ்வரிசியும் திட்ட விலக்கமும்

வகுப்புச் சராசரி, சராசரி மழை, பேட்ஸ்மேனின் சராசரி என்று எதற்கெடுத்தாலும் சராசரி பேசுகிறோம். அதற்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டிய திட்ட விலக்கம் மட்டும் பத்தாம் வகுப்புப் பரீட்சையோடு காணாமல் போய்விடுகிறது. அட்டவணை போட்டு, வர்க்கம் எடுத்து, கடைசியில் வர்க்கமூலமும் போட்டு முழு மார்க் வாங்கியவரிடம் கேட்டுப் பாருங்கள், வந்த விடைக்கு என்ன அர்த்தம் என்று சொல்லத் திணறுவார். இன்னொரு பக்கம், கம்பெனி மீட்டிங்கில் "68 சதவீதம் ஒரு சிக்மாவுக்குள் வந்துவிடும்" என்று எந்தக் கணக்குக்கு வேண்டுமானாலும் அடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். முதலாமவரால் யாருக்கும் கெடுதல் இல்லை. இரண்டாமவரை நம்பி ஆர்டர் போட்டால் பணம் போகும்.

விஷயம் அவ்வளவு கஷ்டமானது இல்லை. சேலத்துக்காரர்களுக்கு இன்னும் சுலபம், சுற்றிலும் சேகோ ஃபேக்டரிகள் இருக்கின்றனவே, அதையே எடுத்துக்கொள்வோம்.

## சராசரி ஒன்றுதான், மெஷின் வேறு

ஆத்தூர், தலைவாசல் பக்கம் விளைகிற குச்சிக்கிழங்கு ஃபேக்டரிக்குப் போய் ஜவ்வரிசியாக வெளியே வருகிறது. அதை அரைக்கிலோ பாக்கெட்டாகப் போடுகிற ஓர் இடத்தில் பழைய மெஷின் ஒன்று, புது மெஷின் ஒன்று ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். (எண்கள் எல்லாம் கணக்குக்காக நான் போட்டவை, யாருடைய ஃபேக்டரியும் இல்லை.) ஒவ்வொன்றிலிருந்தும் ஐந்து பாக்கெட்டை எடுத்துத் தராசில் வைக்கிறோம்.

புது மெஷின்: 497, 499, 500, 501, 503 கிராம்.
பழைய மெஷின்: 485, 495, 500, 505, 515 கிராம்.

இரண்டுக்கும் சராசரி 500. சராசரியை மட்டும் எழுதி அனுப்பினால் முதலாளிக்கு இரண்டு மெஷினும் ஒன்றுதான். ஆனால் 485 கிராம் பாக்கெட்டை வீட்டுக்குக் கொண்டுபோன அம்மாவுக்குச் சராசரியால் ஒரு பிரயோசனமும் கிடையாது, அவருடைய பாயசத்துக்கு 15 கிராம் குறைவு, அவ்வளவுதான். அந்த 15 கிராமைக் கூடுதலாக வாங்கிப் போனவர் வேறு யாரோ.

எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு தூரம் சிதறிக் கிடக்கின்றன என்பதைத்தான் பரவல் என்கிறோம். பரவலை அளக்க முதலில் யாருக்கும் தோன்றுவது, பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பது. அதற்கு வீச்சு என்று பெயர். புது மெஷினுக்கு 6 கிராம், பழையதற்கு 30 கிராம். சட்டென்று போடலாம், ஆனால் ஓரத்தில் இருக்கிற இரண்டு பாக்கெட்டை மட்டுமே அது பார்க்கிறது, நடுவில் இருப்பவை எப்படிக் கிடந்தாலும் கவலைப்படாது. ஆயிரம் பாக்கெட்டில் ஒன்று மட்டும் கிழிந்து கொட்டியிருந்தாலும் வீச்சு எகிறிவிடும்.

## சரி, எல்லா பாக்கெட்டையும் கணக்கில் சேர்ப்பது எப்படி?

ஒவ்வொரு பாக்கெட்டும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று எழுதிப் பார்ப்போம். புது மெஷினுக்கு: −3, −1, 0, +1, +3. இந்த விலகல்களுக்குச் சராசரி எடுத்தால் போதுமே என்று தோன்றும். கூட்டினால் பூஜ்யம் வரும். எந்த எண்களை எடுத்தாலும் பூஜ்யம்தான் வரும், ஏனென்றால் கூடுதலும் குறைவும் சரிக்குச் சரியாக ஈடாகிற இடம்தான் சராசரி.

ஆகவே கழித்தல் குறியைத் தொலைக்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு விலகலையும் வர்க்கப்படுத்துகிறோம்: 9, 1, 0, 1, 9. கூட்டினால் 20, ஐந்தால் வகுத்தால் 4. இதற்கு விலக்க வர்க்கச் சராசரி என்று பெயர். பெயரிலேயே செய்முறை முழுக்க இருக்கிறது. ஆனால் இது கிராமில் இல்லை, கிராமின் வர்க்கத்தில் இருக்கிறது, கிராமின் வர்க்கத்தை எந்தத் தராசிலும் நிறுக்க முடியாது. அதனால் வர்க்கமூலம் எடுத்துத் திரும்பக் கிராமுக்கு வருகிறோம்: 2 கிராம். இதுதான் திட்ட விலக்கம். புத்தகத்தில் இதற்குச் சிக்மா என்ற கிரேக்க எழுத்தைப் போடுவார்கள்.

பழைய மெஷினுக்கு அதே கணக்கு: 225, 25, 0, 25, 225. கூட்டினால் 500, ஐந்தால் வகுத்தால் 100, வர்க்கமூலம் 10 கிராம்.

எதற்கு வர்க்கம், குறியை மட்டும் தூக்கிப் போட்டுவிட்டு 3, 1, 0, 1, 3 என்று சராசரி எடுத்தால் ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகும். 1.6 வரும், அதற்குச் சராசரி விலக்கம் என்று தனிப் பெயரே இருக்கிறது. ஆனாலும் வர்க்கம் ஜெயித்ததற்குக் காரணம் உண்டு. ஒன்றையொன்று பாதிக்காத விஷயங்களைச் சேர்க்கும்போது விலக்க வர்க்கச் சராசரிகளை அப்படியே கூட்டிக்கொள்ளலாம், வேறு அளவுகளுக்கு அந்த வசதி கிடையாது. பழைய மெஷினின் 20 பாக்கெட்டை ஒரு பெட்டியில் அடுக்கினால் பெட்டியின் விலகல் 20 × 10 = 200 கிராம் என்றுதான் முதலில் நினைப்போம். உண்மையில் விலக்க வர்க்கச் சராசரி 20 × 100 = 2000, அதன் வர்க்கமூலம் சுமார் 45 கிராம். ஒரு பாக்கெட்டில் கூடியதை இன்னொரு பாக்கெட்டில் குறைந்தது ஈடுகட்டிவிடுகிறது. பெட்டியாக வாங்கும் மளிகைக்கடைக்காரர் குறை சொல்லாமல் இருப்பதும், ஒரு பாக்கெட் வாங்குகிறவர் குறை சொல்வதும் இதனால்தான்.

வர்க்கத்துக்கு ஒரு கெட்ட குணமும் இருக்கிறது. தூரத்தில் கிடப்பதை அது ரொம்பப் பெரிதாக்கிக் காட்டும். புது மெஷினின் ஐந்தாவது பாக்கெட் 503-க்குப் பதில் 553 என்று வைத்துக்கொள்ளுங்கள், யாரோ வால்வைத் தட்டிவிட்டார்கள். சராசரி 510 ஆகிறது, திட்ட விலக்கம் 2-லிருந்து கிட்டத்தட்ட 21.5-க்குத் தாவுகிறது. மற்ற நாலு பாக்கெட்டும் அப்படியேதான் இருக்கின்றன. அதனால் திட்ட விலக்கம் திடீரென்று பெரிதாக வந்தால் மெஷினைத் திட்டுவதற்கு முன் பட்டியலை ஒருமுறை கண்ணால் பார்ப்பது நல்லது.

அப்புறம், கால்குலேட்டரிலும் எக்செல்லிலும் திட்ட விலக்கத்துக்கு ஏன் இரண்டு வழி இருக்கிறது என்ற சந்தேகம். கையில் இருப்பது மொத்தமும் என்றால் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். பெரிய குவியலிலிருந்து எடுத்த மாதிரி மட்டும்தான் என்றால் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து வகுக்க வேண்டும், ஏனென்றால் மாதிரியின் விலகல்களை அந்த மாதிரியின் சொந்தச் சராசரியிலிருந்தே அளக்கிறோம், அதனால் பரவல் இருப்பதைவிடக் கொஞ்சம் சிறியதாகத் தெரியும். நம் ஐந்து பாக்கெட்டுக்கு 20-ஐ 4-ஆல் வகுத்தால் திட்ட விலக்கம் 2.24. முறைப்படி பார்த்தால் இங்கே அதுதான் சரி, கணக்கு முழுசாக வரட்டும் என்று 2-ஐயே வைத்துக்கொள்கிறேன். முந்நூறு பாக்கெட் எடை போட்டால் இரண்டு விடைக்கும் வித்தியாசமே தெரியாது.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: இரண்டு மெஷினுக்கும் சராசரி 500. ஒரு பாக்கெட் சராசரியிலிருந்து சாதாரணமாக எவ்வளவு தள்ளி விழும் என்பதற்கு, புது மெஷினில் 2 கிராம், பழையதில் 10 கிராம். திட்ட விலக்கத்துக்கும் பாக்கெட்டுக்கும் அலகு ஒன்றுதான், கிராம்.

## மணி வடிவம் எங்கிருந்து வருகிறது

ஐந்து பாக்கெட்டுக்குப் பதில் ஐயாயிரம் பாக்கெட்டை எடை போட்டு, எந்த எடையில் எத்தனை பாக்கெட் என்று வரைந்தால் நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சரிகிற வளைவு கிடைக்க வாய்ப்பு அதிகம். கோயில் மணியின் வடிவத்தில் இருப்பதால் மணி வளைவு என்பார்கள், புத்தகத்தில் இயல்நிலைப் பரவல் என்று பெயர். ஏன் அப்படி வர வேண்டும்? ஒரு பாக்கெட்டின் எடையை ஆட்டுவிக்கிற காரணம் ஒன்றல்ல. ஜவ்வரிசி விழும் வேகம், ஈரம், வால்வு மூடுகிற நொடி, மேடையின் அதிர்வு, பாலித்தீன் கவரின் கனம் என்று பல சின்னக் காரணங்கள் சேர்கின்றன, ஒவ்வொன்றும் தன் பாட்டுக்குக் கொஞ்சம் கூட்டும், கொஞ்சம் குறைக்கும். எல்லாம் ஒரே நேரத்தில் கூட்டுவதோ எல்லாம் ஒரே நேரத்தில் குறைப்பதோ அபூர்வம், பாதி கூட்டிப் பாதி குறைத்து நடுவில் வந்து நிற்பதற்குத்தான் வழிகள் அதிகம். அதனால் நடுவில் கூட்டம், ஓரத்தில் ஓரிருவர்.

நாணயம் சுண்டுகிற கணக்கிலிருந்து 1733-இல் இந்த வளைவுக்கு வந்தவர் ஆபிரகாம் டி மாவர். 1809-இல் காஸ் அதை வானியல் அளவீடுகளில் வருகிற பிழைகளுக்குப் பயன்படுத்தினார், இன்றுவரை அவர் பெயராலும் அழைக்கிறார்கள். திட்ட விலக்கம் என்று நாம் படிக்கிற அளவுக்கு அதன் ஆங்கிலப் பெயரை வைத்தவர் கார்ல் பியர்சன், அது 1890-களில்தான். வளைவுக்கும் பெயருக்கும் நடுவில் நூற்றைம்பது வருஷத்துக்கு மேல்.

இந்த வளைவில் திட்ட விலக்கத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம் என்பதைப் பலர் சொல்லித் தருவதில்லை. வளைவை ஒரு மலை என்று நினைத்து உச்சியிலிருந்து இறங்குங்கள். (நம் சேர்வராயன் மலையை நினைக்காதீர்கள், அது மேலே போனதும் தட்டையாக விரிந்துவிடும், கணக்குக்கு ஒத்துவராது.) உச்சியில் சரிவு கிட்டத்தட்ட இல்லை. இறங்க இறங்கச் செங்குத்து கூடுகிறது, ஓர் இடத்தில் மிக அதிகமாகிறது, அதற்குக் கீழே மறுபடி தணிந்து தரையோடு படிகிறது. அந்த மிகச் செங்குத்தான இடம் நடுவிலிருந்து சரியாக ஒரு திட்ட விலக்கம் தள்ளி இருக்கும். திட்ட விலக்கம் சிறியதென்றால் மலை ஒடுங்கி உயரும், பெரியதென்றால் தாழ்ந்து அகலும்.

வளைவு இந்த வடிவில் இருந்தால்தான் அந்தப் பிரபலமான எண்கள் செல்லும். நடுவிலிருந்து இரு பக்கமும் ஒரு திட்ட விலக்கத்துக்குள் சுமார் 68 சதவீதம், இரண்டுக்குள் சுமார் 95, மூன்றுக்குள் சுமார் 99.7. பழைய மெஷினில் 490 முதல் 510 கிராமுக்குள் நூற்றுக்கு 68 பாக்கெட், 480 முதல் 520-க்குள் 95. புது மெஷினில் அதே 95 பாக்கெட் 496-க்கும் 504-க்கும் நடுவிலேயே அடங்கிவிடும்.

99.7 என்றதும் "மூன்றுக்கு வெளியே எதுவும் போகாது" என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆயிரத்தில் கிட்டத்தட்ட 3 போகும். நாளைக்குப் பத்தாயிரம் பாக்கெட் போட்டால் தினமும் 27 பாக்கெட் வெளியே, மெஷினில் ஒரு கோளாறும் இல்லாமலே. (ஃபேக்டரிச் சுவரில் தொங்குகிற "சிக்ஸ் சிக்மா" போர்டில் பத்து லட்சத்துக்கு 3.4 பழுது என்று போட்டிருக்கும், அது நாள்பட நடு நகரும் என்று 1.5 சிக்மாவை விட்டுக்கொடுத்துப் போட்ட கணக்கு. உண்மையான ஆறு சிக்மாவுக்கு வெளியே நூறு கோடிக்கு இரண்டு கூடத் தேறாது.)

## பரவலுக்கு விலை உண்டு

இந்தப் பகுதிக்காகத்தான் ஜவ்வரிசியை எடுத்தேன். சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள், 2011-இன்படி 500 கிராம் என்று அச்சடித்த பாக்கெட்டில் 15 கிராம் வரை குறைவதைப் பொறுத்துக்கொள்வார்கள், ஆனால் சராசரி அச்சடித்த எடைக்குக் குறையக் கூடாது. அதாவது 485 கிராம்தான் எல்லைக்கோடு.

பழைய மெஷினுக்கு 485 என்பது நடுவிலிருந்து 15 கிராம் தள்ளி, அதாவது ஒன்றரைத் திட்ட விலக்கம். மணி வளைவில் அதற்குக் கீழே கிட்டத்தட்ட 6.7 சதவீதம் இருக்கும். நூறு பாக்கெட்டில் ஏழு பாக்கெட் கோட்டுக்குக் கீழே என்றால் அதிகாரி வருகிற நாளில் மாட்டிக்கொள்வோம். புது மெஷினுக்கு அதே 15 கிராம் ஏழரைத் திட்ட விலக்கம் (சனியோடு சம்பந்தம் இல்லை), அங்கே பாக்கெட் விழுவதை நினைத்துக் கவலைப்படத் தேவையில்லை.

பழைய மெஷினை வைத்துக்கொண்டே தப்பிக்க ஒரு வழி இருக்கிறது. நடுவை 515-க்குத் தள்ளிவைத்தால் 485 மூன்று திட்ட விலக்கம் தள்ளிப் போய்விடும், ஆயிரத்தில் ஒன்றுதான் கோட்டுக்குக் கீழே விழும். ஆனால் இப்போது பாக்கெட்டுக்குச் சராசரியாக 15 கிராம் இலவசம். நாளுக்குப் பத்தாயிரம் பாக்கெட் என்றால் 150 கிலோ, அதாவது 300 பாக்கெட் ஜவ்வரிசியைத் தினமும் சும்மா கொடுத்தனுப்புகிறோம். புது மெஷினில் பயத்துக்கு ஒரு கிராம் கூட்டி 501-இல் வைத்தாலும் 10 கிலோதான் போகும்.

"சராசரி சரியாகத்தானே இருக்கிறது, எதற்குப் புது மெஷின்" என்று கேட்கும் முதலாளியிடம் காட்ட வேண்டிய கணக்கு இதுதான். திட்ட விலக்கத்தைக் குறைப்பது தரத்துக்காகச் செய்கிற தர்மம் மாதிரி பேசப்படுகிறது. எனக்கு அது லாபக் கணக்காகத்தான் தெரிகிறது.

இந்த "எத்தனை திட்ட விலக்கம் தள்ளி" என்பதற்கு இசட் மதிப்பு என்று பெயர். சராசரியிலிருந்து விலகியதைத் திட்ட விலக்கத்தால் வகுத்தால் அது. மார்க்குக்கும் இதையே போடலாம்: கணக்கில் 80 (வகுப்புச் சராசரி 70, திட்ட விலக்கம் 5), தமிழில் 85 (சராசரி 75, திட்ட விலக்கம் 10). இரண்டிலும் சராசரியைவிட 10 கூடுதல். ஆனால் கணக்கில் பிள்ளை இரண்டு திட்ட விலக்கம் மேலே, தமிழில் ஒன்று. வகுப்போடு ஒப்பிட்டால் 80-தான் பெரிய மார்க்.

## மணி வடிவம் இல்லாத இடத்தில்

திட்ட விலக்கத்தை எந்த எண்களுக்கும் போடலாம். 68, 95 எல்லாவற்றுக்கும் பொருந்தாது. இந்த இரண்டு வாக்கியத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம், 20 கொண்டை ஊசி வளைவு. எவ்வளவு கெட்டிக்கார டிரைவராக இருந்தாலும் ஓர் அளவுக்கு மேல் நேரத்தைக் குறைக்க முடியாது. ஆனால் கூடுவதற்கு எல்லையே இல்லை, மே மாத மலர்க் கண்காட்சி சமயத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை அடிவாரத்தைத் தாண்டிப் பாருங்கள். அதனால் பயண நேரத்தை வரைந்தால் இடப்பக்கம் சுவர் மாதிரி நின்று வலப்பக்கம் நீண்ட வால் இழுக்கும். சராசரி 75 நிமிடம், திட்ட விலக்கம் 30 நிமிடம் என்று வருவதாக வைத்துக்கொள்வோம். இரண்டு திட்ட விலக்கம் கழித்தால் 15 நிமிடம். அந்த நேரத்தில் அடிவாரத்துக்கே போய்ச் சேர்வது சந்தேகம். இது நல்ல சோதனை: சராசரியிலிருந்து இரண்டு திட்ட விலக்கம் கழித்து, வருகிற எண் நடக்கவே முடியாததாக இருந்தால், அங்கே மணி வளைவு இல்லை. சம்பளம், நில விலை, மழை எல்லாம் பெரும்பாலும் இந்த வால் ஜாதி. நூற்றுக்கு மேல் போக முடியாத பரீட்சை மார்க்கில், கேள்வித்தாள் சுலபமாக இருந்தால் சுவர் வலப்பக்கம் நிற்கும்.

இன்னொரு வகை இரட்டைத் திமில். ஒரு மெஷின் 490-ஐச் சுற்றியும் இன்னொன்று 510-ஐச் சுற்றியும் போட, இரண்டையும் ஒரே குவியலில் கலந்துவிட்டால் சராசரி 500, திட்ட விலக்கம் 10-ஐ ஒட்டி வரும். காகிதத்தில் நம் பழைய மெஷின் மாதிரியே இருக்கும். ஆனால் 500 கிராம் பாக்கெட் அங்கே அநேகமாக ஒன்றுகூட இருக்காது. வரைந்து பார்க்காமல் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

வடிவம் தெரியாவிட்டால் ஒன்றுமே சொல்ல முடியாதா என்றால், கொஞ்சம் சொல்லலாம். ரஷ்யக் கணித மேதை செபிஷேவ் பெயரில் ஒரு விதி இருக்கிறது: எந்த வடிவமாக இருந்தாலும் இரண்டு திட்ட விலக்கத்துக்குள் குறைந்தது 75 சதவீதம், மூன்றுக்குள் குறைந்தது சுமார் 89 சதவீதம் இருந்தே தீரும். மணி வளைவின் 95-க்கும் இந்த 75-க்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பாருங்கள், வடிவம் தெரிந்திருப்பதால் கிடைக்கிற லாபம் அது.

## நிறைய எடை போட்டால் திட்ட விலக்கம் குறையுமா?

குறையாது. விவரம் தெரிந்தவர்களும் இடறுகிற இடம் இது.

பழைய மெஷினிலிருந்து நூறு பாக்கெட் எடுத்துச் சராசரி பார்க்கிறோம். நாளைக்கு வேறு நூறு எடுத்தால் சராசரி அதேதான் வருமா? கொஞ்சம் மாறும். அந்தச் சராசரி எவ்வளவு ஆடும் என்பதற்குத் திட்டப் பிழை என்று பெயர், திட்ட விலக்கத்தை எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் கிடைக்கும். இங்கே 10-ஐ 10-ஆல் வகுத்தால் 1 கிராம். எண்ணிக்கை கூடக் கூடத் திட்டப் பிழை சுருங்கும், ஆனால் மெதுவாகத்தான்: பாதியாக்க நாலு மடங்கு பாக்கெட் வேண்டும்.

ஓர் அறிக்கையில் "500 ± 1" என்று பார்த்தால் அந்த 1 எதைக் குறிக்கிறது என்று கேளுங்கள். அது திட்ட விலக்கம் என்றால் பாக்கெட்டுகள் நெருக்கமாக இருக்கின்றன. திட்டப் பிழை என்றால் சராசரி நன்றாகத் தெரிந்திருக்கிறது என்பது மட்டும்தான் செய்தி, பாக்கெட்டுகள் எப்படி வேண்டுமானாலும் சிதறிக் கிடக்கலாம். சின்ன எண் பார்க்க அழகாக இருக்கும் என்பதற்காக எதுவென்று சொல்லாமலே திட்டப் பிழையைப் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. பத்தாயிரம் பாக்கெட்டை எடை போட்டால் திட்டப் பிழை 0.1 கிராமுக்கு இறங்கிவிடும், அப்போதும் அந்தப் பழைய மெஷின் அடுத்த பாக்கெட்டை 487-ஆகவோ 512-ஆகவோ போட்டுக்கொண்டிருக்கும்.